குளிர்ச்சிக்குச் சந்தனம்

இலக்கியம் படிப்பவர்கள் கையில் ஸ்குரூடிரைவரைக் கொடுக்கக் கூடாது. ஆணி கழல்வதற்கு முன்பே அவர்களுக்கு உவமை தோன்றிவிடும்.

நான் அப்போது முதுகலைத் தமிழ் மாணவி. அண்ணன் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். அவர் இன்னும் பார்த்திராத மகள், பட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டுத் தொட்டிலில் கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை பெயர் வைக்கும் விழா. அண்ணியிடம்கூடச் சொல்லாமல் ஒளித்துவைத்திருந்த பெயரை, வெப் கேமராவில் மகளின் முகம் பார்த்து அண்ணனே சொல்வதாக ஏற்பாடு. இதில் உடன்பாடில்லாதது கம்ப்யூட்டர் மட்டுமே. சற்று நேரம் ஓடியதும் சூடேறி அணைந்துவிடும்.

அண்ணன் போனில் வைத்தியம் சொன்னார். "உள்ள ஃபேனுக்குக் கீழ ஒரு அலுமினியக் கட்டி இருக்கும் பாப்பா, ஹீட்சிங்க்னு பேரு. அடிப்பக்கம் சொரசொரன்னு இருந்தா சிப்போட சூட்டை இழுக்காது. கண்ணாடி மேல உப்புத்தாளை விரிச்சு, தண்ணி தெளிச்சு, சாய்க்காமத் தேயி. முகம் தெரியணும்!"

'முகம் தெரியணும்' என்பதை நான் பாடவேறுபாடே இல்லாத மூலபாடமாக ஏற்றுக்கொண்டேன். மேசைக் கண்ணாடியைக் கழற்றித் தரையில் வைத்து, முதலில் முரட்டுத் தாள், பிறகு மெல்லிய தாள், கடைசியில் பட்டுத்துணி என்று தேய்த்தேன்.

"உன் மூஞ்சிக்குக்கூட இவ்வளவு நேரம் ஒதுக்க மாட்டியே, செல்வி!" என்றார் அண்ணி.

முகம் தெரிந்தது. மோவாயில் இருந்த பருவும் தெரிந்தது. (அடுத்த வீட்டுக்கும் எடுத்துப்போய்க் காட்டினேன்.)

சனிக்கிழமை மாலை அதை மாட்டப்போகும்போதுதான் அண்ணன் கடைசியாகச் சொன்னது நினைவுக்கு வந்தது: சிப்புக்கும் கட்டிக்கும் நடுவில், குளிர்ச்சிக்கென்றே விற்கும் பேஸ்ட்டை லேசாகத் தடவ வேண்டும். பழைய பேஸ்ட்டை அழுக்கென்று கருதி வழித்தெறிந்திருந்தேன். புதிது வாங்கத் தஞ்சாவூர் போக வேண்டும்.

இங்கேதான் என் கல்வி குறுக்கிட்டது. பிரிவால் கொதிக்கும் தலைவிக்குத் தோழியர் என்ன பூசுவார்கள்? சந்தனம். இங்கே அண்ணன் கடல் கடந்திருக்கிறார்; கம்ப்யூட்டர் கொதிக்கிறது. திணையும் துறையும் பொருந்திவிட்டன. சாமி மாடத்துச் சந்தனக்கட்டையை இழைத்து, மெலிதாகப் பூசி மாட்டினேன். ஓட்டிப் பார்த்தபோது கம்ப்யூட்டர் அணையவே இல்லை. (ஈரம் இருந்தவரை.)

ஞாயிறன்று கூடம் நிறைய உறவினர். திரையில் இஸ்திரிச் சட்டையுடன் அண்ணன். அண்ணி குழந்தையைத் தூக்கிக் காட்டினார்.

"அய்யோ, என் மூக்குடி அது!" என்று அண்ணன் அழுதுகொண்டே சிரித்தார்.

கூடத்தில் மெல்ல ஒரு மணம் பரவியது.

"சந்தனமுல்ல மணக்குது!" என்றார் சித்தப்பா. "கம்ப்யூட்டர்லேர்ந்துதான் வருது."

பெரியம்மா வியந்துபோனார். "சிங்கப்பூர்லேர்ந்து வாசமும் அனுப்புறாங்களா?"

"எம் பொண்ணு பேரு..." என்றார் அண்ணன். திரை இருண்டது.

தலைவியின் வெம்மையில் அந்தச் சந்தனம் காய்ந்து, பொரிந்து, உதிர்ந்துவிடும் என்பதும் அதே மரபில் உள்ளதுதான். இருண்ட திரையின் முன் நின்றபோதுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது.

"நல்ல நேரம் முடியப்போவுது. என்ன பேருன்னு யாருக்காவது தெரியுமா?" என்று பதறினார் பெரியம்மா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நடந்ததைச் சொன்னேன். அண்ணி முறைத்தார், பிறகு குழந்தை குலுங்கும்படி சிரித்தார். "அப்பா பேச்சு வரல, வாசம்தான் வந்துச்சு. சந்தனான்னே கூப்பிடுங்க பெரியத்தை!"

அண்ணன் போன் செய்வதற்குள் பெரியம்மா அந்தப் பெயரைக் குழந்தையின் காதில் ஓதி முடித்திருந்தார். அண்ணன் ஒளித்துவைத்திருந்த பெயர், பின்னால் இரண்டாவது மகளுக்குப் பயன்பட்டது.

அந்த அலுமினியக் கட்டி இப்போது சந்தனா பொட்டு வைத்துக்கொள்ளும் கண்ணாடி. அழகான பெயர் என்று யாராவது பாராட்டினால் அவள் அடக்கத்துடன் சொல்வாள்: "எங்க அத்தை கம்ப்யூட்டருக்குப் பூசினதுல மிச்சங்க!"