ராணியின் நிழலும் பூசாரியின் கிடாயும்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பேனாவைக் கீழே வைத்தவன் நான். அதற்குப் பிறகு பிடித்ததெல்லாம் மிளகு பறிக்கிற ஏணிதான். அதனால் எழுத்துகளும் கோட்டில் நிற்காமல் கொடி மாதிரி மேலே ஏறிவிடுகின்றன. பிழைகளைத் திருத்தித் தருவதாக எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் சொன்னார். ஆனால் இதில் அவரும் வருகிறார். கொடுக்கப் பயமாக இருக்கிறது. பிழையோடேயே அனுப்புகிறேன்.

மாட்டுக்கு ஊசி போடுகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். ஊசி போட்டுக்கொண்டே, ஒரு ராணியின் நிழல் எங்கே போனது என்று மாட்டுக்காரனைக் குறுக்கு விசாரணை செய்கிறவர் எங்கள் ஊசிக்காரர் ஒருவர்தான். பதில் தப்பாக இருந்தால் மாட்டை விட்டுவிட்டு உங்களுக்குப் போட்டுவிடுவாரோ என்று சந்தேகம் வரும். அந்த மாதிரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவார்.

எங்கள் மலையில், வளப்பூர் நாடு என்கிற பகுதியில், எங்கள் ஊர்ப் பக்கம் இருக்கிற கால்நடை மருந்தகத்துக்குக் கீழேயிருந்து மாற்றலாகி வந்தவர். அவருக்கு முன்னால் வந்தவர்கள் யாரும் நிலைத்ததில்லை. அடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றில் இருந்ததை எல்லாம் வெளியே விட்டு, வெளுத்த முகத்தோடு வந்து இறங்குவார்கள். இறங்கிய கையோடு திரும்பிப் போக மனு எழுதுவார்கள். இவரோ வந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய குடும்பம் முழுவதும் கைப்பேசிக்குள் இருந்தது.

அது ஒரு வெளிநாட்டுத் தொடர். தமிழில் குரல் கொடுத்து ‘நிழலில்லா ராணி’ என்று விட்டிருந்தார்கள். ஒரு பனி நாடு. அதை ஆள்கிற ராணிக்கு நிழல் கிடையாது. நிழல் எங்கே போனது என்பதுதான் கதை. இதைச் சொல்ல நான்கு பாகம் எடுத்துக்கொண்டு, ஐந்தாவதில்தான் முடிப்போம் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் என் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தின் உச்சி. நான் மிளகு பறிக்க ஏறும்போது ஊசிக்காரரின் கைப்பேசியையும் கொண்டுபோய்க் கிளையில் கட்டிவிடுவேன். சாயங்காலத்துக்குள் ஒரு கதை இறங்கிவிடும். அவர் கீழே நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். இறங்கியதும் பார்ப்பார். பார்த்ததும் எனக்குச் சொல்வார். எனக்கு மனிதர்களோடு பேசக் கூச்சம். பேசுகிறவரை விட்டு எழுந்து போக அதைவிடக் கூச்சம். அப்படிக் கூச்சப்பட்டே நான்கு பாகத்தையும் கேட்டு முடித்தேன்.

அந்தக் கதையில் விறகு சுமந்து போகிற ஒரு கிழவி வருவாள். பேச்சு இல்லை, பெயர் இல்லை. ராணி வீதியில் போனால் ஓரமாக இவளும் போவாள். அந்தக் கிழவிதான் ராணியின் நிழல் என்பது ஊசிக்காரரின் கண்டுபிடிப்பு.

“ஏனுங்க சின்ராசு, கட்டுல எத்தனை குச்சி இருக்குதுன்னு எண்ணுனீங்களா?”

“இல்லீங்க.”

“பதிமூணு. நாலு பாகத்துலயும் பதிமூணு. சோறாக்கறவளா இருந்தா ஒரு குச்சியாவது எரிஞ்சிருக்கோணுமில்ல?”

 என் செவலைப் பசுவுக்குக் கன்று குறுக்கே சிக்கிக்கொண்டபோதும் இதே பேச்சுதான். முழங்கை வரை உள்ளே விட்டுக் கன்றைத் திருப்பிக்கொண்டே, ராணியின் மந்திரத்துக்கு விளக்கம் சொன்னார்.

“மந்திரத்துக்கு ஒரே ஒரு விதிதானுங்க. சும்மா கேட்டா பலிக்காது. கேக்கறவனும் ஒரு கை குடுக்கோணும். மூணாம் பாகத்துல ராணி மழை கேட்டா, வரலை. மம்முட்டி எடுத்து வாய்க்கால் வெட்டுனா, கொட்டுச்சு. வாலைப் புடிங்க, வாலைப் புடிங்க!”

கன்று பிழைத்தது. தாயும் பிழைத்தது. அந்த விதியை அவர் டீக்கடையிலும் எல்லாரிடமும் சொல்வார்; எனக்குத்தான் அன்று புரியவில்லை.

அவருக்கு எதிர்க்கட்சி பெரிய டீச்சர். திருச்சிப் பக்கத்துக் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தையும் திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டையும் தவறவிடாதவர், ஊசிக்காரரின் கைப்பேசியை வாங்கி இந்தத் தொடரையும் விடாமல் பார்த்தார். ராணி முதல் பாகத்திலேயே செத்துவிட்டாள், நடமாடுவது ஆவி, ஆவிக்கு ஏது நிழல் என்பது அவர் கட்சி. டீக்கடையில் இருவரும் சந்தித்தால் டீ ஆறிவிடும்.

“செத்தவ எப்படிங்க டீச்சர் ஆப்பிள் திங்கறா?”

“கடிச்சா சார். முழுங்கினதைப் பாத்தீங்களா?”

இவர்களுக்கு நடுவில் பூசாரி தனிக்கட்சி. எங்கள் மலையில் சிரித்தே ஆளைக் கொல்லும் பாவை ஒன்று உண்டு என்று சொல்வார்கள். அந்த ராணியும் சிரித்துத்தான் கொல்கிறாள் என்று கேள்விப்பட்டதும் பூசாரி கொதித்துப் போனார்.

“நம்ம பாவையத் தூக்கிட்டுப் போயிட்டானுங்க. வருசத்துக்கு ஒருக்கா பொங்கலாவது வெக்கறாங்களா?”

“அவங்க ஊருல பொங்கல் கெடையாதுங்க” என்றார் ஊசிக்காரர்.

“அதான் நெழலு போயிருச்சு.”

பூசாரிக்கும் ஊசிக்காரருக்கும் பழைய பகை ஒன்று உண்டு. எங்கள் ஊரில் பெரிய காரியம் எதையும் கிடாயிடம்தான் கேட்போம். சாமி முன்னால் நிறுத்தி மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். கிடாய் உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால் சாமி சம்மதித்துவிட்டது. சும்மா நின்றால் இல்லை. ஒரு திருவிழாவில் ஊசிக்காரர் இதைப் பார்த்துவிட்டு, “காதுக்குள்ள ரெண்டு சொட்டு போனா எந்த ஆடும் துலுக்குமுங்க, இதுக்கு எதுக்கு சாமி?” என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். பூசாரி மூன்று மாதம் பேசவில்லை. அன்றிலிருந்து, யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று, கிடாயின் இரண்டு காதையும் தன் கையால் பொத்திக்கொண்டுதான் தண்ணீர் ஊற்றச் சொல்வார். அதற்குப் பிறகு எங்கள் சாமி சம்மதம் கொடுப்பது மிகவும் குறைந்துவிட்டது. ஊரில் இரண்டு கல்யாணம் நின்று போனது.

இப்படி இருக்கையில் ஊசிக்காரருக்குக் கீழே மாற்றல் உத்தரவு வந்தது. இது புதிதல்ல. வரும்போதெல்லாம், இங்கேயே இருக்கிறேன் என்று கடிதம் எழுதித் தள்ளிவைத்துவிடுவார். ஆனால் இந்தத் தடவை உத்தரவும் ஐந்தாம் பாகமும் ஒரே வாரத்தில் வந்தன. கடைசிக் கதை மட்டும் பாக்கி இருந்தபோது டீக்கடைச் சண்டை உச்சத்துக்குப் போனது.

“நாளைக்குத் தெரிஞ்சிரும் சார், உங்க விறகுக்காரி வண்டவாளம்” என்றார் டீச்சர்.

ஊசிக்காரர் எழுந்து நேராகக் கோயிலுக்குப் போனார். எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தின் மேல் கையை நீட்டினார். “என் கணக்கு தப்பாப் போச்சுன்னா, உத்தரவை வாங்கிக்கிட்டு நான் கீழ எறங்கிடறேன். இது சத்தியம்!”

டீக்கடையே எழுந்து அவர் பின்னால் வந்திருந்தது. ஒரு தொடருக்காகக் கற்பூரத்தில் சத்தியம் செய்த மனிதனை எங்கள் மலை அதுவரை பார்த்ததில்லை. எனக்கு உடனே செவலை ஞாபகம்தான் வந்தது. மறுபடியும் சினை. தை மாதத்தில் போடும். போன தடவை மாதிரி குறுக்கே கிடந்தால்? ஊருக்குள் என்னைப் போல் கணக்குப் போட்டவர்கள் நிறையப் பேர்.

மறுநாள் மரத்தில் கைப்பேசியைக் கட்டினேன். கடைசிக் கதை இறங்கியதும், வாழ்நாளில் முதல்முறையாக, கேட்காமல் அதைத் திறந்து பார்த்தேன். மரத்து உச்சியில், இடுப்பில் மிளகுப் பையோடு உட்கார்ந்து முடிவைப் பார்த்தேன். விறகுக்காரி அரண்மனை வாசலில் கட்டை இறக்கி வைக்கிறாள். யாரோ ஒரு குவளை கஞ்சி கொடுக்கிறார்கள். குடித்துவிட்டுக் கட்டைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போகிறாள். அன்றைக்குப் பார்த்து அந்தப் பனி நாட்டில் வெயில் அடிக்கிறது. அவளுக்கு முன்னால், ஆறடி நீளத்துக்கு, அவளுடைய சொந்த நிழல். நிழலுக்கு ஏது நிழல்?

அழித்துவிடலாம் என்று நினைத்தேன். எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. அன்று இறங்கியது போல் மெதுவாக நான் எந்த மரத்திலிருந்தும் இறங்கியதில்லை.

மருந்தகத்தில் உட்கார்ந்து எல்லாரும் பார்த்தார்கள். டீச்சர் சொன்னதுதான் சரி. ராணி ஆவி. டீச்சர் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தோம். அவர் கைப்பேசியை வாங்கி, அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

“சார், இது மேகத்தோட நிழலா இருக்கலாம்.”

“இல்லீங்க டீச்சர்.”

“மரத்தோட நிழலா...”

“விறகுக் கட்டு தெரியுது பாருங்க. பதிமூணு குச்சி.” ஊசிக்காரர் கைப்பேசியை வாங்கித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். “நான் மூட்டை கட்டோணும்.”

கற்பூரத்தில் செய்த சத்தியத்தை மனிதர்கள் தள்ளுபடி செய்ய முடியாது. சாமியிடம்தான் கேட்க வேண்டும். மறுநாள் காலை பஸ்ஸுக்கு முன்னால் பூசாரி தன் கிடாயை ஓட்டிவந்தார். ஊரே கூடியது. டீச்சர் கோயிலுக்கு வெளியில் நின்றார், வெள்ளைப் புடவையில். ஊசிக்காரர் பெட்டியோடு ஒதுங்கி நின்றார்.

“தாயே, இந்த மனுசன் வாய்க்கொழுப்புல ஒரு சத்தியம் பண்ணிட்டாரு. அதை நீயே வாங்கிக்கிட்டு இவரை இங்கயே விட்டு வெக்கறதுன்னா, உத்தரவு குடு” என்றார் பூசாரி. சொல்லிவிட்டு, வழக்கப்படி, கிடாயின் இரண்டு காதையும் இறுகப் பொத்தினார்.

ஒரு குடம் ஊற்றினார்கள். கிடாய் அசை போட்டது. இரண்டாவது குடம். கிடாய் டீச்சரைப் பார்த்தது. மூன்றாவது குடமும் தீர்ந்தது. மஞ்சள் நிறத்தில் ஒரு கல் ஆடு நின்றது. ‘பூசாரி, கையை எடுங்க’ என்று கத்த வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பூசாரியின் கண்ணும் கலங்கியிருந்தது. ஆனால் கை காதை விடவில்லை. நேர்மையானவர். அப்படி ஆக்கி வைத்தவரே ஊசிக்காரர்தானே.

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. ஊசிக்காரர் பெட்டியைத் தூக்கினார். இரண்டடி நடந்தார். நின்றார். பெட்டியை வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

“கெடாய்க்குக் காதுல உண்ணி இருக்காட்டத் தெரியுதுங்க. ஒரு நிமிசம், கைய எடுங்க.”

பூசாரி அவரை ஒரு நிமிடம் பார்த்தார். கையை எடுத்தார். ஊசிக்காரர் குடத்துக்குள் விரல்களை விட்டு நன்றாக நனைத்துக்கொண்டார். கிடாயின் காதைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். விரல் நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கிடாய் தலையில் தொடங்கி வால் வரைக்கும் ஒரு துலுக்குத் துலுக்கியது பாருங்கள்! மஞ்சள் தண்ணீர் டீச்சரின் வெள்ளைப் புடவை வரைக்கும் பறந்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

“உண்ணி இல்லீங்க” என்றார் ஊசிக்காரர், தரையைப் பார்த்தபடி.

பூசாரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “தெரியுமுங்க சார். கேக்கறவனும் ஒரு கை குடுக்கோணுமின்னு நீங்கதான சொன்னீங்க?”

பஸ் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனது. இங்கேயே இருக்கிறேன் என்ற கடிதத்தை ஊசிக்காரர் கோயில் படியில் உட்கார்ந்து, டீச்சரின் பேனாவால் எழுதினார். “கீழ போனா இதையெல்லாம் உக்காந்து கேக்கறதுக்கு யாருங்க இருக்கா, சின்ராசு?” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.  பேனா மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். அடுத்த வாரமே புதுக் கணக்கு வந்துவிட்டது. கிழவியின் நிழல் விழுகிற பக்கம் தப்பாம், அது அவளுடையது இல்லையாம், ராணியிடமிருந்து இரவல் வாங்கியதாம். டீச்சர் புடவைக் கறையைக் காட்டி, “இதுக்கே பதில் சொல்லலை, அதுக்குள்ள அடுத்ததா?” என்று தொடங்கிவிட்டார். டீ மறுபடி ஆறுகிறது. பூசாரி மட்டும் இப்போதெல்லாம் கிடாயின் காதைப் பொத்துவதில்லை. நின்றுபோன இரண்டு கல்யாணமும் நடந்துவிட்டன.

செவலை நேற்றுக் கன்று போட்டது. இந்தத் தடவையும் குறுக்கேதான் கிடந்தது. ஊசிக்காரர் முழங்கை வரை உள்ளே விட்டுக்கொண்டு பேசிய பேச்சில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனாலும், நாற்பது வயதுக்கு மேல் முதல்முறையாக, நானே ஒரு கேள்வி கேட்டேன்: “அப்ப அந்தப் பதிமூணு குச்சி எதுக்குங்க சார்?” அவர் கை அப்படியே நின்றுவிட்டது. செவலை திரும்பிப் பார்த்தது. மனிதர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

பொட்டைக் கன்று. ‘விறகுக்காரி’ என்று அவரே பெயர் வைத்துவிட்டுப் போனார். இன்று காலை அது வெயிலில் எழுந்து நின்றபோது, என் கண் முதலில் போனது அதன் நிழலுக்குத்தான். இருக்கிறது. சாயங்காலம் அவர் வந்தால் சொல்ல வேண்டும் என்று, மறந்துவிடாமல் இருக்க எழுத உட்கார்ந்தேன். இவ்வளவு நீண்டுவிட்டது.

தை மாதம், பன்னிரண்டாம் தேதி.