முளைக்காத சட்டி

ஒன்பதாவது நாள் காலையிலும் சட்டியில் மண் மட்டும்தான் இருந்தது. மூக்கு மண்ணில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள் அம்சவல்லி. ஒரு மிளகாய் விதைகூடத் தலை தூக்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம், காளியம்மாளின் சட்டியிலோ பச்சைப் பசேலென்று நாற்பது முளை.

இருவரும் சட்டி வைத்தது ஒரே செவ்வாய்க்கிழமை. சட்டிகளும் ஒரே சூளையில் வாங்கியவைதான். விவசாயத் தொழிலாளர் சங்கத்துப் பஞ்சநதம் வேதாரண்யம் பக்கமிருந்து விதைக்கென்று பத்து மிளகாய் கொண்டுவந்து, ஆளுக்கு ஐந்தாகக் கொடுத்திருந்தார்.

தெருவே மிராசுதார் இடத்தில் குடிசை போட்டிருந்த காலத்தில் வாசலில் ஒரு செடி வைக்க விட்டதில்லை. செடி வைத்தால் நாளைக்கு நிலத்தில் பாத்தியதை கேட்பார்கள் என்று பண்ணையை மேய்க்கும் காரியக்காரர் வந்து பிடுங்கி எறிந்துவிடுவார். இப்போது சர்க்கார் சட்டம் போட்டு, குடியிருந்த மனைக்குப் பட்டா கொடுத்து ஆறு மாதமாகிறது.

"யாரு வீட்டுல நல்லா முளைக்குதோ, அவங்க கையாலதான் தெருவுக்கே நாத்து" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் பஞ்சநதம். சட்டி வைத்த மூன்றாவது வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பாராம்.

கூலிப் போராட்டத்தில் ஒன்றாகத் திருச்சி ஜெயிலுக்குப் போனவர்கள் இந்த இரண்டு பெண்களும். ஒரே தட்டில் களி தின்றவர்கள். நடுவில் வேலி என்று ஒன்று வந்த பிறகுதான் இந்த வயிற்றெரிச்சல்.

"காளியம்மாளுக்குக் கைராசி புள்ள" என்றான் அம்சவல்லியின் புருஷன் வீரையன், பல் துலக்கிக்கொண்டே.

"அப்ப என் கை என்ன, அகப்பையா?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"சொன்னீங்க. அவ சட்டியைப் பாத்துக்கிட்டே சொன்னீங்க."

சூடு போதவில்லையோ என்று சட்டியை அடுப்போரம் கொண்டுபோய் வைத்தாள். சாயங்காலத்துக்குள் மண் ஓடு போல இறுகி வெடித்தது. இளகட்டும் என்று பழைய சோற்றுத் தண்ணீரை ஊற்றினாள். மறுநாள் எறும்பு சாரை சாரையாக வந்தது. எறும்புக்குச் சாம்பலைத் தூவினாள். சாம்பலைக் கண்டதும் அவள் வீட்டுக் கோழிக்கு உடம்பு அரித்துவிட்டது. சட்டிக்குள் ஏறிப் புரண்டு, பாதி மண்ணை வெளியே தள்ளிவிட்டு, சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது.

வேலிக்கு மேல் காளியம்மாளின் தலை தெரிந்தது. "என்ன அம்சு, கோழியை அடை வெச்சிருக்கியா?"

"முளைக்கத்தான் மாட்டேங்குது. பொரிக்கவாவது செய்யட்டும்."

"நீ எரிச்சலோட தண்ணி ஊத்துறடி. அதுக்கும் உசுரு இருக்குல்ல? சிரிச்ச முகமா ஊத்திப் பாரு."

அதையும் செய்து பார்த்தாள். காலங்காத்தாலே சட்டியைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தவளிடம் வீரையன் மெதுவாக வந்து, "ஒடம்புக்கு என்ன பண்ணுது?" என்று கேட்டான்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை நண்பகல். தெருவே களை பறிக்கப் போயிருந்தது. அம்சவல்லி தலைவலி என்று பாதியில் திரும்பியிருந்தாள். சோறு வடித்த கஞ்சி கொதிக்கக் கொதிக்கக் கையில் இருந்தது. அந்தப் பக்கம் நாற்றுகள் விரலளவு வளர்ந்து, காற்றில் தலையாட்டிக்கொண்டிருந்தன. நாளைக்கு அதைக் காளியம்மாள் கையால் இவளும் போய் வாங்க வேண்டும். அந்த நினைப்பு வந்ததுதான் தெரியும். வேலியைத் தாண்டிக் கை போய்விட்டது. நாற்பது நாற்றும் வெந்த கீரையாகத் துவண்டு விழுந்தன.

சாயங்காலம் காளியம்மாள் வந்து பார்த்தாள். வாயில் கையை வைத்தாள். பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

அம்சவல்லி வேலியோரம் நின்று காது கொடுத்தாள். முருங்கைக் கொழுந்தை ஆடு கடித்தாலே ஆட்டின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டுகிறவள் காளியம்மாள். இப்போது ஒரு வார்த்தை இல்லை. ஜெயிலில் தனக்குக் காய்ச்சல் வந்தபோது காளியம்மாள் தன் பங்குக் களியையும் ஊட்டிவிட்டது நினைவுக்கு வந்தது. விடிந்ததும் விடியாததுமாக அந்த வீட்டு வாசலில் போய் நின்றாள்.

காளியம்மாளின் புருஷன் கோவிந்தராசு வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நான் பாவி. அந்த நாத்துல கொதிக்கிற கஞ்சியை ஊத்தினது நான்தான். என்னைய என்ன வேணா செய்யச் சொல்லுங்க அவளை."

கயிறு அவன் கையிலிருந்து நழுவியது. உள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"எங்களுக்குக் குடுத்த அஞ்சு மிளகாயையும் இவ அன்னிக்கே மீன் கொழம்புக்கு அரைச்சுட்டா தங்கச்சி. ஒன் சட்டி முளை விட்ட அன்னிக்கே, நீ எந்திரிச்சுப் பாக்குமுன்ன, வெறும் மண்ணுச் சட்டியை ஒன் பக்கம் வெச்சுட்டு அதைத்தான் தூக்கிட்டு வந்தா... நீ வேகவெச்சது ஒன் சொந்த நாத்தும்மா!"