இரட்டை எழுத்து எட்டணா

என் தலையெழுத்தை ஓர் எட்டணா மாற்றப்போகிறது என்று நான் முடிவு கட்டியது, ஆவடி தொழிற்சாலையின் கேன்டீனில்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கலியமூர்த்தி டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்:

"எட்மண்ட், காசு அடிக்கிற அச்சு செய்யறப்பவே சில சமயம் எழுத்து ரெண்டு தடவ பதிஞ்சிடுமாம். அந்த அச்சுல அடிச்ச காசுல எல்லாம் எழுத்து ரெட்டையாத் தெரியும். சேக்கறவங்க நல்ல விலை குடுக்கறாங்கப்பா."

அன்றே சபதம் எடுத்தேன். திருநின்றவூரில் ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு மனை. அதில் ஒரு வீடு. அதில், என் மனைவி ஹில்டாவின் குரல் எட்டாத ஓர் அறை.

ஒரே சிக்கல். கடைக்குப் போகிறவனுக்குத்தானே சில்லறை வரும்? கல்யாணமான நாளிலிருந்து நான் பையைத் தூக்கியதே இல்லை.

"ஹில்டா, இன்னிக்குப் பால் நான் வாங்கியாறேன்."

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஜொரம் ஒண்ணும் இல்லியே?"

பாலில் ஆரம்பித்தது. பிறகு ரேஷன், மாவு மெஷின், மண்ணெண்ணெய் வரிசை. சில்லறைக்காக எல்லாச் சில்லறை வேலையும் செய்தேன். கண்டக்டர் மீதிக்கு நோட்டு கொடுத்தால் சண்டை போட்ட ஒரே பயணி நான்தான். மீன்காரம்மா கொடுத்த காசைத் துருவித் துருவிப் பார்த்ததில், நெத்திலி வாங்கிய நாளிலும் என் விரலில் வஞ்சிரம் மணந்தது.

தினமும் சாயந்தரம் பூதக்கண்ணாடியோடு உட்கார்வேன்.

"இன்னாங்க தெரியுது?"

"இந்தியா."

"அது வாசப்படியில நின்னாலே தெரியுமே!"

மாதங்கள் போயின. எல்லா எழுத்தும் ஒற்றையாகவே நின்றன. என் இடுப்புதான் இரண்டாகிவிடும்போல வலித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அறிவித்தேன்.

"நாளையிலிருந்து கடைக்குப் போகமாட்டேன். போதும்."

சண்டையை எதிர்பார்த்தேன். அவளோ, "பாவம், ரொம்பத்தான் அலைஞ்சிட்டீங்க. இன்னிக்கு மட்டும் கொத்தமல்லி வாங்கியாந்துடுங்க" என்றாள்.

வாங்கிவந்தேன். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்து, கடைசித் தடவையாகச் சட்டைப் பையிலிருந்த சில்லறையைக் கொட்டினேன்.

ஓர் எட்டணா. 'இந்தியா' என்ற ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்னொரு எழுத்து ஒட்டிக்கொண்டு நின்றது!

நான் போட்ட கூச்சலில், பாம்பு வந்துவிட்டதென்று கலியமூர்த்தி மனைவி ஜெகதாம்பாள் துடைப்பத்தோடு ஓடிவந்தாள்.

மறுநாள் லீவு போட்டு, ரயிலேறி, பாரிமுனையில் பழங்காசு வியாபாரம் செய்யும் சண்முகசுந்தரத்திடம் போனேன். நாணயத்தில் நாணயமான மனுஷர் என்று பெயர். லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"ரெட்டைதான் சார். அசல்." இருநூறு ரூபாயை நீட்டினார். "ஒரு அச்சுல ஒரு காசோடவா நிறுத்துவாங்க? இன்னும் இருக்கும். தேடுங்க."

மல்லிகைப்பூவும் அல்வாவும் வாங்கிக்கொண்டு, தரையில் கால் படாமல் வீடு வந்தேன்.

"ஹில்டா! மனை நிச்சயம்! ஒண்ணு கெடச்சிடுச்சில்ல, இன்னும் கெடைக்கும்!"

"கெடைக்கும்" என்றாள் அல்வாவை விழுங்கியபடி.

"அதெப்படி அவ்ளோ உறுதியா சொல்றே?"

"நம்ம வாசல்ல கூடை எறக்குற கீரைக்கார முனியம்மா குடுத்த மீதியில மூணு வந்துச்சுங்க. நீங்க வேலைக்குப் போனப்புறம் உங்க பூதக்கண்ணாடியிலதான் நானும் பாத்துகினு இருந்தேன். அதுல ஒண்ணத்தான் நேத்து உங்க சட்டைப் பையில போட்டேன்."

"அப்ப... மிச்சம் ரெண்டு?"

அவள் பூவை வைத்துக்கொண்டு, மாவு மெஷினுக்குப் போகவேண்டிய கோதுமைப் பையை என் கையில் மாட்டினாள்.

"பத்திரமா கீது. உங்களுக்கு எப்பல்லாம் கடைக்குப் போக அலுப்பு வருதோ, அப்பல்லாம் ஒவ்வொண்ணா உங்க சில்லறையில வரும்."