மாப்பிள்ளை டிஸ்க்

“ஏற்ற முடியாது. இடம் பிஸி.”

கம்ப்யூட்டர் மறுபடியும் அதையே சொன்னது. தேவதாஸுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. வேலாயுதம் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

காஜா பேராங்கில், சைக்கிள் கடைக்கு மேல்மாடியில், கமலவேணி அக்கா திருமணத் தகவல் நிலையம் நடத்திவந்தார். மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் வாங்கி முப்பது வருஷம் தாண்டியும் மற்றவர்கள் ஜாதகங்களைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தபோது, மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் யூனிக்ஸ் கம்ப்யூட்டரை ஏலத்தில் எடுத்து, அதில் மாப்பிள்ளைகளை எல்லாம் ஏற்றிவைத்தவர் அவர். அதை மேய்க்கத்தான் தேவதாஸ். பையன் கெட்டிக்காரன், சந்தேகமே இல்லை. ஆனால் இன்றைக்கு அவன் பார்த்துக்கொண்டிருந்தது சுத்தத் திருட்டு வேலை.

போன வாரம் தெங்கேராவிலிருந்து ஒரு பெண் வந்தாள். “அப்பா குடுக்கச் சொன்னாங்க,” என்று டைப்பிஸ்ட் ஜெயாவிடம் ஜாதகக் கவரை நீட்டினாள். வேலாயுதத்தின் மகள் விஜயா. போகிற போக்கில் தேவதாஸைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு சிரித்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான், ஆள் காலி! அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அவளைக் கட்டுவதற்கு ஒரே இடைஞ்சல், புக்கிட் ரம்பாய் எஞ்சினியர் சங்கரன். எந்த வீட்டுக்குப் பொருத்தம் பார்த்தாலும் அந்தப் பயல்தான் முதல் ஆளாக வந்து நிற்பான். அவனை அழித்துவிடலாம் என்றால் வேலை போய்விடும்.

யூனிக்ஸில் ஒரு வசதி உண்டு. ஒரு டிஸ்க்கை, ஃபைல்கள் இருக்கும் எந்த டிரெக்டரியின் மேல் வேண்டுமானாலும் ஏற்றி வைக்கலாம்; அதற்கு மவுண்ட் என்று பெயர். பரிமாறிய இலை மேல் இன்னோர் இலையைப் போட்டு மூடுவது மாதிரி. கீழே இருக்கும் வடையும் பாயசமும் கண்ணுக்குத் தெரியாது. மேல் இலையை எடுத்தால் எல்லாம் அப்படியே இருக்கும். தேவதாஸ் ஒரு பழைய டிஸ்க்கில் தன் ஜாதகத்தை மட்டும் எழுதி வைத்திருந்தான். அதை மாப்பிள்ளைகள் டிரெக்டரி மேல் ஏற்றிவிட்டால், வேலாயுதத்துக்கு உலகத்திலேயே மாப்பிள்ளை அவன் ஒருவன்தான். அவர் தலையாட்டிவிட்டுப் போனதும் டிஸ்க்கை இறக்கிவிடலாம். ஒரு குருவிக்கும் தெரியாது.

ஆனால் ஜெயா இன்னொரு டெர்மினலில் அதே டிரெக்டரிக்குள் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஆள் இருந்தால் இந்த மெஷின் மேலே எதையும் ஏற்ற விடாது.

“ஜெயா, கொஞ்சம் வெளிய வா லா.”

“முடியாதுண்ணே. கிளேபாங் வீட்டுக்கு மாப்பிள்ளை எடுத்துக்கிட்டிருக்கேன். நிறுத்துனா அக்கா என்னைத்தான் ஏசுவாங்க.”

சரி, மெஷினை அணைத்துத் திரும்பப் போட்டால் என்ன? எந்த டிஸ்க் எங்கே உட்கார வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லும் ஃபைல் ஒன்று உண்டு. எஃப்எஸ்டேப் என்பார்கள். அதில் ஒரு வரி எழுதிவிட்டால், ஜெயா உள்ளே நுழைவதற்கு முன்பே டிஸ்க் தானாக ஏறிக்கொள்ளும். தேவதாஸ் மளமளவென்று தட்டினான்.

“என்ன தம்பி புதுசா எழுதுற?”

முதுகுக்குப் பின்னால் கமலவேணி அக்கா. தேவதாஸுக்கு உயிர் போய் வந்தது.

“டிஸ்க்குக்குப் புதுசா ஒரு வரிக்கா. மெஷினை அணைச்சுப் போட்டா சரியாயிடும்.”

“புதுசுன்னு சொல்ற, மேல பிள்ளையார் சுழியக் காணோமே?”

“இதுல போடக்கூடாதுக்கா.”

“ஏன் போடக்கூடாது? அப்படி என்ன எழுதுற? காட்டு பாப்போம்.”

“ஐயோ, இதோ போட்டுட்டேன்கா!”

அந்த விசைப்பலகையில் ‘உ’வுக்கு எங்கே போவது? 2 என்று தட்டிப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்தான். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் நகர்ந்ததும் அழித்துவிடலாம் என்று பார்த்தால், மகராசி நகர்ந்தால்தானே!

“நல்ல நேரம் முடியப்போவுது. இப்பவே மெஷினை அணைச்சுப் போடு.”

போட்டான். மெஷின் எழுந்தது, ஃபைலைத் திறந்தது, முதல் வரியைப் படித்தது. ‘2’ என்று ஒரு டிஸ்க்கைத் தேடியது. அப்படி ஒன்று இல்லாததால் கோபித்துக்கொண்டு பாதியில் படுத்துவிட்டது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வேலாயுதம் வந்துவிட்டார். கூடவே அவருடைய தங்கை தனலட்சுமி. நாற்பதைத் தாண்டிய அம்மாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. விஜயா வரவில்லை. நல்ல குடும்பத்துப் பெண் தன் கல்யாணப் பேச்சுக்குத் தானே கிளம்பி வருவாளா என்று தேவதாஸ் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டான்.

“வாங்கண்ணே, பசியாறியாச்சா? ஜெயா, கோப்பி!” என்றார் அக்கா. “தம்பி, இன்னும் எவ்வளவு நேரம்?”

“இதோ ஆச்சுக்கா.”

எங்கே ஆனது? சுழியை அழிக்கப் போனால், ‘படிக்கலாம், எழுதக்கூடாது’ என்றது மெஷின். பாதியில் படுத்த மெஷின் தன் ஃபைலைத் தானே பூட்டிக்கொண்டுவிட்டது. தேவதாஸுக்கு அழுகையே வந்துவிட்டது.

“இது சரிப்படாதுண்ணே,” என்று அக்கா அலமாரியிலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கினார். “பழைய ஜாதகமெல்லாம் இதுல பத்திரமா இருக்கு. புக்கிட் ரம்பாய்ல சங்கரன்னு ஒரு பையன், தங்கம்!”

அலாமாக்! டின்னை மறந்தே போயிருந்தான்.

நல்லவேளை, மூடி துருப்பிடித்திருந்தது. அக்கா இழுத்தார். வேலாயுதம் இழுத்தார். ஜெயா கரண்டி எடுத்துவந்து நெம்பினாள். ஒவ்வொரு நெம்பலுக்கும் தேவதாஸ் நெற்றி வேர்வையைப் புறங்கையால் வழித்துக்கொண்டு டின்னைத் திரும்பிப் பார்த்தான். ஓரமாக உட்கார்ந்திருந்த தனலட்சுமி மட்டும் எழுந்துவந்து கைக்குட்டையை நீட்டினார்.

“வேர்வையைத் துடைச்சுக்குங்க தம்பி. மெதுவாவே பாருங்க. இவ்வளவு நாள் பொறுத்தாச்சு, இன்னும் கொஞ்ச நேரம்தானே.”

என்ன தங்கமான அத்தை! இந்த வீட்டுக்கு மருமகனாகப் போகக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அந்தத் தெம்பில் அவனுக்கு மூளையும் வேலை செய்தது. அந்த ஃபைல் பூட்டிக் கிடக்கும் டிஸ்க்கை, எழுத விடும்படி மறுபடி மவுண்ட் செய்தால் போதுமே! அதைத் தட்டினான். திறந்துகொண்டது. மனசுக்குள் பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சுழியை அழித்து, மெஷினைத் திரும்பப் போட்டான்.

‘டப்’ என்று டின் மூடி திறந்த அதே நொடியில் மெஷினும் எழுந்து நின்றது.

“வந்துருச்சுக்கா! டின்னை மூடுங்க! பொருத்தம் வந்துருச்சு!”

எல்லாரும் திரையைச் சுற்றி நின்றார்கள். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“வேலாயுதம் வீட்டு ஜாதகத்துக்கு… என்னது, ஒருத்தன்தானா? தேவதாஸ், காஜா பேராங்…” அவர் நிமிர்ந்தார். “டேய், நீயா?”

“என்னோடதையும் சும்மா போட்டு வச்சேன்கா. பொருத்தம் இப்படி அமையும்னு யாருக்குத் தெரியும்?” தேவதாஸ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

வேலாயுதம் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“மெஷின் படுத்தும் பையன் விடலையே. எனக்குப் பிடிச்சுப்போச்சு. ஆனா தம்பி, இந்த இடத்துக்கு நீங்க மனசார ஒத்துக்கிறீங்களா? அப்புறம் வயசு அது இதுன்னு பேச்சு வரக்கூடாது.”

“வயசு என்னங்க வயசு! மனசுதான் முக்கியம். இப்பவே தட்டு மாத்தச் சொன்னாலும் நான் ரெடி.”

வேலாயுதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “தனம், நீ என்னம்மா சொல்ற?”

“அண்ணனுக்குச் சரின்னா எனக்கும் சரிதான்,” என்றார் தனலட்சுமி, சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே.

அத்தையின் சம்மதமும் கிடைத்தாகிவிட்டது! சந்தோஷம் தாங்காமல் தேவதாஸ் வேலாயுதத்தின் காலில் விழுந்து எழுந்தான். அப்படியே திரும்பி, தனலட்சுமியின் காலிலும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

அந்த அம்மாள் பதறிப்போய்ப் பின்வாங்கினார்.

“ஐயையோ, எழுந்திரிங்க! கட்டிக்கப்போறவ கால்லயே யாராச்சும் விழுவாங்களா?”