வரோம் அண்ணி!

மிக்ஸி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் போன் அடித்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

சந்திரலேகா ஏற்காட்டுக்கு எடுத்துப்போக இட்லிப்பொடி அரைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ். பத்தாவது படிக்கும் மகன் செந்தமிழ்செல்வன்தான் போனை எடுத்தான். ஒரு கண் கேமில் இருக்க, "ம்... ம்... அப்டியா அத்தை..." என்று பேசி முடித்து, போனைக் கொண்டுவந்து அம்மாவின் காதில் ஒட்டினான். மிக்ஸியை அணைப்பதற்குள் பேச்சின் வால்தான் கையில் கிடைத்தது.

"...சரி, அப்ப நாங்க வரோம் அண்ணி!"

அவ்வளவுதான். போன் கட்டாகிவிட்டது.

"யார்றா?"

"சிதம்பரத்து அத்தை."

"என்னாவாம்?"

"கெளம்பிட்டாங்களாம். மூணு பேரும் பஸ் ஏறப் போறாங்களாம்." சொல்லிவிட்டு மறுபடி கேமுக்குள் புகுந்துகொண்டான்.

சந்திரலேகா மிக்ஸி மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அரையாண்டு லீவு என்றால் பிள்ளைகளுக்கு லீவு. அப்பாவுக்கு அரை லீவு. அம்மாவுக்கு ஓவர்டைம். அதிலும் நாத்தனார் சௌந்தரம் குடும்பத்தோடு வந்து இறங்கினால் டபுள் டூட்டி. சௌந்தரத்தின் கணவர் அறிவழகனுக்கு தினம் ஒரு மீன், ஞாயிற்றுக்கிழமை நண்டு. அவர்கள் மகள் வினோதினிக்கு எட்டு வயது. சாயங்காலமானால் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போயே ஆகவேண்டும். திரும்பும்போது அரைப்படி மணலைப் பாவாடையில் சுமந்துவந்து பாத்ரூமில் கொட்டுவாள். சௌந்தரம் நல்லவள்தான். "குடுங்க அண்ணி, நான் வெங்காயம் உரிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு உட்காருவாள். ஒரு வெங்காயத்துக்கு ஒரு சிதம்பரத்துக் கதை. கதை முடியும்போது சமையலும் முடிந்திருக்கும். வெங்காயம் மட்டும் முடிந்திருக்காது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சந்திரலேகா ஏறியிருக்கும் ஒரே மலை திருவந்திபுரம் மலை. மூச்சு வாங்க ஆரம்பிப்பதற்குள் உச்சி வந்துவிடும். இந்த வருஷம்தான் கணவர் பழனிவேலைக் கெஞ்சி, மிரட்டி, இரண்டு நாள் பேசாமல் இருந்து, ஏற்காட்டில் ரூம் போட வைத்திருந்தாள். யாரோ சமைத்து யாரோ பரிமாறும் தோசையை, சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடவேண்டும். வேறு பெரிய ஆசையெல்லாம் அவளுக்கு இல்லை.

குரங்குக்குல்லா மூன்று வாங்கிக்கொண்டு உற்சாகமாக உள்ளே வந்த பழனிவேல், விஷயத்தைக் கேட்டதும் ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றார்.

"போன் போட்டு வேணாம்னு சொல்லுங்க" என்றாள் சந்திரலேகா.

"நானா? மூணு வருஷம் முன்ன நீ 'அடுத்த வாரம் வாயேன்'னு சொன்னதுக்கு ஒரு வருஷம் பேசாம இருந்தவ அவ. பட்டுப்பொடவை எடுத்துக்கிட்டுப் போய் வாசல்ல நின்னேன். மறந்துட்டியா?"

"அப்ப நான் பேசறேன்."

சௌந்தரத்தின் போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. அறிவழகனின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. லீவு விட்டால் ஆபீஸிலிருந்து யாரும் கூப்பிடக்கூடாது என்று அவர் செய்கிற வேலை அது.

"பஸ்ஸுல பாட்டு போட்டிருப்பான். கேக்காது" என்றார் பழனிவேல். "பேசாம அவுங்களையும் ஏற்காட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடலாமா?"

சந்திரலேகா பார்த்த பார்வையில் குல்லாவைக் கழற்றினார்.

"வீட்டப் பூட்டிட்டு இப்பவே பஸ் ஸ்டாண்டு போயிடலாம்மா" என்றான் செந்தமிழ்.

"சாவி ஒண்ணு எதிர்வீட்டு ரத்தினம்மாக்கா கிட்ட இருக்குடா. அது தொறந்துவுட்டு ஒக்கார வச்சி, நாம எந்த பஸ்ஸுன்னும் சொல்லி அனுப்பும்."

அப்போதுதான் அவள் கண் ஜன்னல் வழியாகத் தெருமுனை வேப்பமரத்தில் விழுந்தது.

வாசலில் வேப்பிலை கட்டியிருந்தால் அம்மை போட்ட வீடு. அம்மை போட்ட வீட்டுக்குள் விருந்தாளி கால் வைக்கமாட்டார். கோபித்துக்கொள்ளவும் முடியாது. இறங்கியிருப்பது ஆத்தா. ஆத்தாவிடம் யார் கோபிப்பது?

"போயி ஒரு கொத்து ஒடிச்சிக்கிட்டு வாங்க. சௌந்தரம் பாத்துட்டு வந்த ஆட்டோவிலயே திரும்பிடுவா. நாம சாயங்காலம் அவுத்துப் போட்டுட்டு பஸ் ஏறிடலாம்."

பழனிவேல் ஒரு கொத்து ஒடிக்கவில்லை. பயத்தில் ஒரு கிளையையே ஒடித்துவிட்டார். கேட்டில் கட்டியபோது வீடே தெரியாமல் மறைந்தது.

தெரு அதற்காகவே காத்திருந்தது போல விழித்துக்கொண்டது. முதலில் வந்தவள் ரத்தினம்மாள். மஞ்சள்தண்ணீர்ச் சொம்போடு கேட்டுக்கு வெளியே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மார்கழியிலயா எறங்கியிருக்கா? யாருக்குடி லேகா?"

"தம்பிக்கு" என்றார் பழனிவேல்.

"அவருக்கு" என்றாள் சந்திரலேகா, அதே நொடியில்.

ரத்தினம்மாளின் கண்கள் விரிந்தன. "தாயே! ரெண்டு பேருக்குமா! நீ என்னாத்துக்குப்பா எழுந்து நிக்கிற? போய்ப் படு! இரு, ஆத்தாவ ஒரு பார்வ பாத்துட்டுப் போறேன்."

"அக்கா, ஒரு நிமிஷம்!" சந்திரலேகா உள்ளே ஓடினாள். குங்குமம் தொட்டு வைத்தால் வியர்வையில் வழிந்தது. "நவுரும்மா" என்று செந்தமிழ் தன் பள்ளிக்கூடப் பையிலிருந்து சிவப்பு மார்க்கரை எடுத்தான். அப்பாவுக்கு அவனும் அவனுக்கு அப்பாவும் வைத்துக்கொண்டார்கள். பையன் கணக்கில் கெட்டி. பழனிவேலின் நெற்றியில் புள்ளிக்கும் புள்ளிக்கும் ஒரே இடைவெளி.

ஜன்னல் வழியாகப் பார்த்த ரத்தினம்மாள் உருகிப்போனாள். "முத்து முத்தா என்னா வரிசையா போட்டிருக்கா பாரு! கோலம் போட்டாப்ல!"

பிறகு சட்டங்கள் வந்தன. இரண்டு பேரும் வேப்பிலைமேல்தான் படுக்கவேண்டும். தலை சீவக்கூடாது. பழனிவேல் சவரம் செய்யக்கூடாது. அடுப்பில் தாளிக்கக்கூடாது. கவிச்சி ஆகவே ஆகாது. மூன்று தண்ணீர் தலைக்கு ஊற்றி முடியும்வரை வீட்டு ஆட்கள் யாரும் ஊர் தாண்டக்கூடாது.

கடைசிச் சட்டத்தைக் கேட்டதும் சந்திரலேகா மூலையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். "ஊருன்னா... எது வரைக்கும்க்கா?"

"இந்தத் தெரு வரைக்கும்" என்றாள் ரத்தினம்மாள். சொல்லிவிட்டு விருட்டென்று திரும்பி நடந்தாள்.

"என்னக்கா, சொல்லாமக் கொள்ளாம போறீங்க?"

ரத்தினம்மாள் திரும்பிப் பார்க்காமலேயே கத்தினாள்: "அம்மை வீட்டுல அந்த வார்த்தைய சொல்லிட்டுப் போகக் கூடாதுடி!"

சாயங்காலம் ஐந்து மணி. சௌந்தரம் வரவில்லை. "தெருமுனையிலயே பாத்துட்டுத் திரும்பியிருப்பா" என்று முடிவுகட்டினார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, புள்ளிகளைக் குரங்குக்குல்லாவால் மறைத்துக்கொண்டு, பின்பக்கச் சந்து வழியாக மூன்று பேரும் நழுவினார்கள்.

சந்தின் முனையில் ரத்தினம்மாள் நின்றிருந்தாள். கூடவே மாரியம்மன் கோயில் பூசாரி காத்தவராயன். அவர் கையில் உடுக்கை.

"பொட்டியத் தூக்கிக்கிட்டு எங்க பொறப்பட்டீங்க?"

"ஆ... ஆஸ்பத்திரிக்கு" என்றார் பழனிவேல்.

"ஆஸ்பத்திரிக்கு குரங்குக்குல்லாவா?"

காத்தவராயன் உடுக்கையை ஒரு தட்டு தட்டினார். மூவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். சேலம் பஸ் மூன்று காலி சீட்டோடு புறப்பட்டுப் போனது.

மறுநாள் முதல் தெரு முழுக்க உபசாரம். இளநீர் வந்தது, மோர் வந்தது, யார் வீட்டிலிருந்தோ ஃபேன்கூட வந்தது. ஆனால் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துப்போக வந்தவர்களுக்கெல்லாம் யார் காப்பி போடுவது? வந்தவர்களின் பிள்ளைகளுக்கு யார் முறுக்கு எடுத்துக் கொடுப்பது? ஒரு நாத்தனாருக்குப் பதில் ஒன்பது நாத்தனார்கள் வந்தது போலிருந்தது சந்திரலேகாவுக்கு. தாளிக்காத குழம்பைச் சாப்பிட்டுச் சாப்பிட்டு, செந்தமிழின் முகத்தில் உண்மையிலேயே நோய்க்களை வந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமையாவது ஒரு ஆம்லெட்டும்மா..."

"பேசாதடா. முட்ட வாசன எதிர்வீட்டுக்குப் போவும்."

பழனிவேலுக்கு வேறு கவலை. வேப்பிலைப் படுக்கையில் புரண்டபடி புலம்பினார். "எறங்கி வந்த தங்கச்சியத் திருப்பி அனுப்பிட்டோமே லேகா. அம்மைன்னு தெரிஞ்சும் ஒரு போன் பண்ணலயே அவ! பொய்யின்னு கண்டுபிடிச்சிருப்பாளோ?"

சந்திரலேகா மறுபடி போன் போட்டுப் பார்த்தாள். இப்போது சௌந்தரத்தின் போனும் அணைந்திருந்தது. ஏற்காடு போனால் போகட்டும். மறுபடி ஒரு வருஷம் பேசாமல் இருந்துவிட்டால்? வம்பு பேசிக்கொண்டே உரித்த அந்தப் பாதி வெங்காயம்கூட இப்போது பிரியமாகத் தோன்றியது.

"ஆத்தாவுக்குக் கூழு ஊத்திடுடி, எல்லாம் சரியாயிடும்" என்றாள் ரத்தினம்மாள்.

"எவ்ளோக்கா? ஒரு குண்டானா?"

"ஒரு குண்டானா? தெரு மொத்தத்துக்கும்! ரெண்டு உருப்படிக்கு எறங்கியிருக்கா, நினைப்பிருக்கட்டும்."

ஆக, மூன்று விருந்தாளிகளுக்குத் தோசை ஊற்றப் பயந்தவள், லீவின் கடைசி நாளில் கடலூர் மஞ்சக்குப்பத்தின் அந்தத் தெரு முழுவதற்கும் கேழ்வரகுக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தாள். வாடகை அண்டா. விறகடுப்பு. கண்ணெல்லாம் புகை. பக்கத்தில் மூன்றாவது தண்ணீர்ச் சடங்கு. பழனிவேலும் செந்தமிழும் இடுப்புத் துண்டோடு மணையில் உட்கார்ந்திருக்க, காத்தவராயன் குடம் குடமாக வேப்பிலைத் தண்ணீரைத் தலையில் கொட்டினார். எல்லாம் இறங்கியது. மார்க்கர் மட்டும் இறங்கவில்லை.

"மூணு தண்ணி ஊத்தியும் முத்து அப்டியே நிக்கிதே!" என்று கூட்டம் முணுமுணுத்தது.

"சக்தி ஜாஸ்தி" என்றார் காத்தவராயன் தீர்மானமாக. "இன்னும் ரெண்டு தண்ணி ஊத்தணும்."

அந்த நேரம் பார்த்துத் தெருவுக்குள் ஓர் ஆட்டோ நுழைந்தது. அதிலிருந்து ஸ்வெட்டர் போட்ட அறிவழகன், சால்வை போர்த்திய சௌந்தரம், வாய்வரை இழுத்துவிட்ட குரங்குக்குல்லாவோடு வினோதினி, மூவரும் கடலூர் வெயிலில் இறங்கினார்கள்.

"அய்யய்யோ அண்ணி! என்னா இது வேப்பிலை? யாருக்கு? அண்ணனுக்கா? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" சௌந்தரம் பதறினாள்.

கூழ் அகப்பையோடு சந்திரலேகா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபமில்லை. அந்த ஒரு நிம்மதியே போதும் போலிருந்தது. "எத்தினி தடவ போன் பண்ணேன் சௌந்தரம்! நீ அன்னிக்கே வந்து, வாசலப் பாத்துட்டுத் திரும்பிட்டன்னு நெனச்சேன்..."

"எங்க வந்தேன்? என் போனு சிதம்பரத்துலயே ஃபிரிட்ஜ் மேல கெடக்குது. நாங்க ஏற்காட்டுல இல்ல இருந்தோம்!"

"எங்க?" என்றார் பழனிவேல் மணையிலிருந்து.

"ஏற்காட்டுல மச்சான்! ஊருக்குத் திரும்புற வழியில எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்!" அறிவழகன் ஒரு மிளகுப் பொட்டலத்தை நீட்டினார். "என்னா குளிரு, என்னா குளிரு! சால்வயப் போர்த்திக்கிட்டு, ஓட்டல் தோசைய சுடச்சுட..."

"போதும்ணா" என்றாள் சந்திரலேகா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"வீட்ட விட்டுக் கெளம்புறப்பவே செந்தமிழ்கிட்ட எல்லாத்தையும் வெவரமா சொன்னேனே அண்ணி!"

எல்லாக் கண்களும் மணைமேல் நனைந்துகொண்டிருந்த செந்தமிழ் மீது திரும்பின. அவன் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தான்.

"ஏதோ மலைன்னாங்க. நான் நம்மூரு திருவந்திபுரம் மலைன்னு நெனச்சிட்டேன்."

சந்திரலேகா அகப்பையைச் சௌந்தரத்தின் பக்கம் நீட்டினாள். "அவன் கெடக்கான்! நீ எங்கிட்ட சொன்னியே சௌந்தரம்! 'நாங்க வரோம் அண்ணி'ன்னு சொன்னியா இல்லியா? என் காதால கேட்டேனே!"

வினோதினிதான் வாயை மூடியிருந்த குல்லாவைக் கீழே இழுத்துவிட்டுக் கேட்டாள்:

"ஊருக்குக் கெளம்புறப்ப 'போறோம்'னா சொல்லுவாங்க, அத்தை?"