மாப்பிள்ளை மாறிய மத்தியானம்

“இன்னும் சுத்திக்கிட்டேதான் இருக்கா?” என்று மனைவியின் தோளுக்கு மேலே கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார் டைம் கீப்பர்.

“சுத்தட்டும். அது பாட்டுக்கு வரும்.”

மனைவிக்குக் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கும் தொழில். படங்கள் ஹால் அலமாரியிலும் படுக்கையறையிலும் பரண்மேலும் தனித்தனி டிஸ்க்குகளில் கிடந்தன. எல்லாம் வைஃபை வழியாக ஹால் கம்ப்யூட்டருக்கு வரவேண்டும். ஒரு ஃபோல்டர் திறப்பதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போடலாம். அவள் அதற்கெல்லாம் அலட்டிக்கொண்டதில்லை. அவளுக்கு ஒரே பெருமை, இதுவரை எந்த வாடிக்கையாளரும் ஒரு திருத்தம்கூடச் சொன்னதில்லை என்பதுதான்.

அன்று சாயங்காலம் மணப்பெண்ணின் அம்மா படம் பார்க்க வருவதாக இருந்தது. மூத்த மகளின் கல்யாண வீடியோவும் இங்கேதான் தயாரானது. இந்த அம்மாள் சரி என்று தலையாட்டினால், அவருடைய அண்ணன் வீட்டுக் கல்யாணமும் கைக்கு வந்துவிடும்.

“கடைக்குப் போயிட்டு வரேன். எதையும் தொடாதீங்க.”

பஸ் டிப்போவில் நேரம் பார்க்கிற மனிதர். எது தாமதமானாலும் அவருக்குக் கை அரிக்கும்.

முதலில், கம்ப்யூட்டரில் டிஸ்க்குகளுக்கு டி, இ, எஃப் என்று இருந்த அடையாள எழுத்துகளை வரிசையாக மாற்றினார். டிப்போவில் பஸ் நிறுத்துகிற மாதிரி ஒழுங்கு. உடனே ‘ஃபைலைக் காணோம்’ என்று திரையெல்லாம் சிவந்தது. பதறிப்போய்ப் பழையபடி மாற்றினார். பதற்றத்தில் இரண்டு எழுத்துகள் இடம் மாறிவிட்டன. மனைவியோ எல்லாக் கல்யாணத்திலும் ஃபைல்களுக்கு ஒரே பெயர்களை வைக்கிற ஆள். படம் ஓடியது. மணப்பெண் மாலையைத் தூக்கினாள். குனிந்து வாங்கிக்கொண்டவர் வேறு ஏதோ கல்யாணத்து மாப்பிள்ளை.

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மச்சானுக்குப் போன் போட்டார்.

“மச்சான், மாப்பிள்ளை மாறிட்டாருடா!”

“எங்க அக்காவுக்கா மாமா?”

“வீடியோவுலடா!”

மச்சான் சொல்லச் சொல்ல எழுத்துகளை மாற்றினார். சொந்த மாப்பிள்ளை திரும்பி வந்தார். இவருக்கும் போன உயிர் வந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

“வைஃபையை விட்டுட்டு வயர் போடுங்க மாமா, பறக்கும்” என்று சொல்லிவிட்டான் மச்சான்.

விடுவாரா? பரணில் ஏறி, படுக்கையறைக்குள் நுழைந்து, ஹால்வரை வயரை இழுத்தார். துணிக்கொடி அறுந்தது. படுக்கையறைக் கதவு இனிமேல் மூடாது. ஆனால் ஃபோல்டர் கண்ணை மூடித் திறப்பதற்குள் திறந்தது!

மனைவியும் அந்த அம்மாளும் வாசலில் ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். மனைவி வயரைத் தாண்டினாள், புருஷனை முறைத்தாள், உட்கார்ந்து ஃபைலைத் தட்டினாள். படம் உடனே ஓடியது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து டைம் கீப்பருக்கு வயிறு குளிர்ந்தது.

படம் முடிந்ததும், “எப்படிம்மா இருக்கு?” என்றாள்.

“பாட்டை மாத்தணும். என் நாத்தனார் வர்ற இடத்தையெல்லாம் வெட்டணும். நான் அழுவுற இடத்தை இன்னும் கொஞ்சம் நீட்டணும். அப்புறம்...”

மனைவிக்கு முகம் தொங்கிப்போனது. “போன தடவை பிரமாதம்னு சொன்னீங்களேம்மா! ஒரு குறைகூடச் சொல்லலையே!”

“போன தடவை அது திறக்குறதுக்குள்ளயே எனக்குப் பாதி உசுரு போயிருச்சும்மா. குறை சொன்னா மறுபடியும் திறப்பீங்களேன்னு பயந்துதான் பிரமாதம்னு சொல்லிட்டு ஓடினேன்!”