டர்போவுக்கு மூன்று நிமிஷம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு திடமான முடிவுக்கு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தன் மோட்டார் சைக்கிள் ஓடாது. ஓடவே கூடாது.

இரண்டு வருஷமாகக் கார் ஷெட்டில் உட்கார்ந்து தன் கையாலேயே கட்டிய வண்டி. பழைய எஞ்சின், எங்கிருந்தோ வந்த பெட்ரோல் டாங்க், யாரோ கழித்துப்போட்ட காரிலிருந்து எடுத்த டர்போ. புகைக்குழாயின் சூட்டுக் காற்றில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் அந்த நத்தை வடிவச் சாமான்தான் வண்டிக்கே உயிர். கடைக்காரரின் உயிரை வாங்கியதும் அதுதான். போன மாதம் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி முதல்முறை முறுக்கிப் பார்த்தார். டர்போ ஊளையிட்டது. செருப்பு அலமாரி சரிந்தது. கடைக்காரர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வாசல்வரை ஓடிவிட்டார். அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிட்டது, இதைக் கட்டத்தான் தன்னால் முடியும், ஓட்ட முடியாது.

தெரிந்ததை வெளியே சொல்ல முடியுமா? குன்றின் மேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு நாலே நிமிஷத்தில் போய்விடுவேன் என்று தெரு முழுக்க அளந்து வைத்திருந்தார். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் அதைப் பிடித்துக்கொண்டு, ஞாயிறு காலை ஆறு மணி என்று நாளும் குறித்துவிட்டார்.

ஆகவே புதன்கிழமை சாப்பாட்டு மேஜையில் கடைக்காரர் பெருமூச்சு விட்டார்.

"ஒரு பெரிய சிக்கல். இந்த டர்போவுக்குத் தண்ணி சுத்தணும். என் வண்டியில ரேடியேட்டரும் கிடையாது, கூலன்ட்டும் கிடையாது. ரெண்டு நிமிஷத்துல வெந்துடும். டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

அவர் மறந்துபோனது ஒன்றுதான். எதிரே உட்கார்ந்து தட்டில் கை வைத்திருந்த மனைவி, பதினாலு வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிறவள்.

"தண்ணி எதுக்குங்க? ஆயில் போதுமே."

"ஆயிலா?"

"எங்க டிப்போவுல பாதி பஸ்ஸுக்கு டர்போவுக்கு ஆயில் மட்டும்தான். தண்ணி போற ஓட்டையைச் சும்மா விட்டுடுங்க. முன்னாடி காத்து படுற இடத்துல ஒரு ஆயில் கூலர் வைங்க. ஆயில் திரும்பி வர்ற குழாய் எங்கயும் மடங்காம நேரா கீழ இறங்கணும். புகைக்குழாய்க்குச் சூடு தாங்குற நாடா சுத்திடுங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" கடைக்காரர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஒண்ணு மட்டும் மறக்கக்கூடாது. ஓடி வந்த உடனே நிறுத்தக்கூடாது. மூணு நிமிஷம் சும்மா உறுமவிட்டு அப்புறம்தான் சாவி. இல்லன்னா உள்ள நிக்கிற ஆயில் கருகிடும்."

மறுநாள் டிப்போவிலிருந்து வரும்போதே எங்கிருந்தோ ஒரு பழைய ஆயில் கூலரை வாங்கிக்கொண்டு வந்தாள். அது அளவெடுத்ததுபோல் பொருந்தித் தொலைத்தது. கடைக்காரர் வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தார். ஆனால் கை கேட்டால்தானே? கூலருக்குப் போகும் குழாயை அப்படி அழகாக வளைத்தார், நாடாவை அப்படி வரிசையாகச் சுற்றினார், தன் வேலையைப் பார்த்துத் தானே சொக்கிப்போனார். சனிக்கிழமை மத்தியானம்தான் நினைவு வந்தது, ஓடாமல் இருப்பதற்கு இருந்த ஒரே காரணத்தையும் தன் கையாலேயே சரி செய்துவிட்டோம் என்று.

பதறிப்போய் யோசித்தார். ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டர் கண்ணில் பட்டது. மூக்குக்கண்ணாடிக்குத் திருகு போடும் குட்டி ஸ்க்ரூ டிரைவரால் அதைத் திறந்து, முள்ளைப் பிடுங்கிச் சிவப்புக் கோட்டுக்கு மேல் திருப்பிச் செருகினார். நாளை வண்டியைக் கிளப்பி, மீட்டரைக் காட்டி, தலையில் கை வைத்து உட்கார வேண்டியதுதான். மனசு லேசாகி, அன்று இரண்டு தட்டு அதிகமாகவே சாப்பிட்டார்.

ஞாயிறு காலை கேட்டில் பல் டாக்டர் கைக்கடிகாரத்தோடு நின்றார். கடைக்காரர் ஷெட்டுக்குள் நுழைந்தார். பின்னாலேயே மனைவி. பதற்றத்தில் அவர் நாக்கு முந்திக்கொண்டது.

"ஐயோ, மீட்டரைப் பாரு. சிவப்பு. கொதிக்குது. இன்னிக்கு முடியாது."

அவள் குனிந்து பார்த்தாள்.

"வண்டியை இன்னும் கிளப்பவே இல்லையேங்க."

"அது வந்து... வெயில்."

"ஆறு மணிங்க."

கடைக்காரர் ஷெட்டின் கூரையைப் பார்த்தார். அவள் உள்ளே போய் இரண்டு புது ஹெல்மெட்டோடு வந்தாள். ஒன்றை அவர் தலையில் கவிழ்த்தாள், ஒன்றைத் தான் மாட்டிக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"சார் ஓட்டலையா?" என்றார் டாக்டர்.

"கட்டினவர் ஓட்டக்கூடாது டாக்டர். பின்னாடி உக்காந்து சூட்டைக் கவனிக்கணும். சோதனை ஓட்டம்னா அப்படித்தான்."

டாக்டர் மரியாதையோடு தலையாட்டினார். கடைக்காரருக்கு தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. ஏறினார், அவள் இடுப்பைப் பிடித்தார், கண்ணை மூடினார். திறந்தபோது தண்ணீர்த் தொட்டி வந்திருந்தது. நாலு நிமிஷத்துக்குப் பத்து விநாடி குறைவு. வண்டி உருகவில்லை, வெடிக்கவில்லை, தாமும் முழுசாக இருக்கிறோம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

அவள் சாவியைத் தொடவில்லை. எஞ்சின் மெதுவாக உறுமிக்கொண்டிருந்தது.

"எனக்குப் பயம்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு வருஷமா ஒவ்வொரு சாமானா வாங்கறீங்க. ஒரு ஹெல்மெட் வாங்கல. ஓட்டப் போறவங்க அதைத்தானே முதல்ல வாங்குவாங்க?"

"இத்தனை நாள் ஏன் கேக்கல?"

"கட்டி முடிக்கட்டும்னுதான்." அவள் வண்டியின் டாங்கைத் தடவினாள். "நல்லா கட்டியிருக்கீங்க. நிஜமா."

கடைக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பயந்தாங்கொள்ளி என்று ஒரு வார்த்தை வரும் என்று ஒரு மாதமாக நடுங்கியவர். அந்த வார்த்தை வரவே இல்லை. இந்த நிம்மதிக்காக இன்னொரு வண்டிகூடக் கட்டலாம் என்று தோன்றியது.

'கட்டி முடிக்கட்டும்' என்பதன் முழு அர்த்தம் திங்கட்கிழமைதான் விளங்கியது. காலை ஐந்து மணிக்கு வண்டி டிப்போவுக்குக் கிளம்பிப் போயிருந்தது, அவளோடு. கடைக்காரர் பஸ்ஸில் கடைக்குப் போனார். அவள் ஓட்டிய பஸ்ஸில்தான்.

இப்போது தினமும் சாயங்காலம் வண்டி வந்து நிற்கும். அவள் இறங்கி முகம் கழுவப் போவாள். கடைக்காரர் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிஷம் எண்ணி, சாவியைத் திருப்பிவிட்டு உள்ளே வருவார். ஒருநாள் பல் டாக்டர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஏன் சார் நின்னு கஷ்டப்படறீங்க? மூணு நிமிஷம் கழிச்சுத் தானா நிறுத்தறதுக்கு ஒரு டைமர் விக்கிறாங்களே. மாட்டிடலாமே."

கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து பதில் வந்தது.

"எதுக்கு டாக்டர்? எங்க வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே."